அடுக்களை வழியே ஓடும் கோடு

அத்தியாயம் ஒன்பது

“தீவு வேணுமா, பெரிய கண்டம் வேணுமா, நடுவுல கடல் கிடக்கிற நாடு வேணுமா, இல்ல எல்லாம் கலந்து வேணுமா? ஆட்டம் தொடங்கும் முன்னே கம்ப்யூட்டர் இது கேக்கும். நாம ஒண்ணைத் தொடணும்.”

“சண்டைக்குப் போற ராசாகிட்ட வந்து, எந்த மண்ணு வேணும்னு கேக்குமா? கொள்ளாமே, நல்ல கூத்து! இருக்கிற மண்ணுக்கு இல்லியா எல்லாவனும் சண்டை போடுதான்?”

“அம்மா, இது வெறும் விளையாட்டுக் களியாக்கும்.”

“களிக்குத்தான் நீ சோறும் தின்னாம இருக்குதியா? செரி, அஞ்சாவதா ஒண்ணு கிடக்குதே, அது என்ன?”

“அதுதான் நான் செய்தது. எல்லைநாடு.”

சுகிர்தபாய் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தாள். மகள் மினி ஒரு பொத்தானைத் தட்டியதும் பச்சைக் கட்டங்களும் மஞ்சள் கட்டங்களுமாக ஒரு நாடு விரிந்தது. வடக்கே ஒரு அரசன், தெற்கே ஒரு அரசன். நடுவில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. வரிசை வரிசையாக மரங்கள், மரங்களுக்குள் சின்னச் சின்ன ஓட்டு வீடுகள்.

“இது ராசாக்கமாருக்க நாடு மாதிரி இல்லியே. காரக்கோணத்துல பஸ் இறங்கி நம்ம வீட்டுக்கு வாற வழி மாதிரில்லா கிடக்கு!”

மற்ற நாளாக இருந்தால் மினி சிரித்திருப்பாள். இன்று அவளுக்கு உதடு காய்ந்திருந்தது.

இந்தக் குடும்பத்தோடு முன்பே பழகியவர்களுக்கு மினியின் பதற்றம் புதிதல்ல. வெள்ளறடையில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தவள். இரண்டு அரசர்கள் மாறி மாறி, தன் முறை வரும்போது மட்டும் படை நகர்த்தி ஆடும் ஒரு போர் விளையாட்டை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். புது வருடம் பிறக்கும்போது கடைக்கு வரவேண்டும். ஆடுகிறவர் தொடக்கத்தில் தனக்குப் பிடித்த நில வகையைத் தேர்ந்துகொள்ளலாம். அந்த நிலங்களுக்கு வண்ணம் கொடுத்தவள் மினிதான். நெய்யாற்றின்கரை நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்களை ஒன்றுவிடாமல் வாசித்தவள். பனியைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் பனிக்காட்டில் குதிரைவண்டி போன தடம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நான்கு நிலங்கள் தயார். ஐந்தாவது, அவளே யோசித்து அவளே கட்டிய எல்லைநாடு, ஓடவில்லை.

முதலாளி மோகனன் சாருக்கு மனைவி வீடு காரக்கோணத்தில். இன்று சாயங்காலம் அங்கே போகும் வழியில் காரை இந்த வாசலில் நிறுத்தி, எல்லைநாட்டைப் பிளாப்பியில் வாங்கிக்கொண்டு போவார். நாளை பம்பாய். அங்கே ஆட்டத்தை வாங்குகிறவர்களிடம் ஐந்து நிலங்களையும் காட்டவேண்டும். எல்லைநாடு ஓடாவிட்டால் கூட வேலை செய்யும் ஆதித்யன் செய்து வைத்திருக்கும் பாலைவனம் அந்த இடத்துக்குப் போய்விடும். மினி வெள்ளறடைக்கே திரும்பிப் போய்விடவேண்டும். அதை மோகனன் சார் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட தாங்கியிருக்கலாம். சிரித்துக்கொண்டே, சாயா குடித்துக்கொண்டே சொன்னார்.

“இதுல என்ன கேடு, மக்கா? நல்லாத்தானே இருக்கு?”

“பாருங்க.” மினி தெற்கு அரசனின் ஒரு குதிரைப்படையை நகர்த்தி, ‘முறை முடிந்தது’ என்பதை அழுத்தினாள். இனி வடக்கு அரசனின் முறை. அவனுக்காகக் கம்ப்யூட்டர் ஆடவேண்டும். திரையில் மணற்கடிகாரம் ஒன்று தோன்றியது. அது தலைகீழாகத் திரும்பியது. மறுபடி திரும்பியது. மறுபடியும்.

“என்ன செய்யுது?”

“யோசிக்குது.”

“எவ்வளவு நேரம் யோசிக்கும்?”

“நாம நிறுத்துறது வரைக்கும்.”

சுகிர்தபாய் அந்த மணற்கடிகாரத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். “உனக்க அப்பாவும் இப்பிடித்தான்,” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

வெளியே காற்று திரும்பியது. ரப்பர்த் தோட்டத்தில் எங்கேயோ பெரிதாக ஒரு முறிவுச் சத்தம். திரை ஒரு தடவை சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அணைந்தது.

“கறண்டு போச்சு!” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

“ரோட்டுக் கம்பியில மரம் விழுந்திருக்கும்,” சுகிர்தபாய் சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். “இனி லைன்மேன் வந்து, மரம் வெட்டி, கம்பி இழுத்து… இன்னைக்கு கறண்டு வரும்னு நோக்காண்டாம்.”

மினி கறுத்துப்போன திரையில் தன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சாயங்காலத்துக்கு எவ்வளவு பொழுது இருக்கிறது என்று கணக்குப் போடவே பயமாக இருந்தது.

அப்போது வேலிக்கு அந்தப்புறம் மிக்சி ஓடும் சத்தம் கேட்டது.

தேங்காய் அரைக்கிறார்கள். பெரியப்பா வீட்டில் ரத்னபாய் பெரியம்மை, எப்போதும் போல, விட்டு விட்டு அரைக்கிறாள். அங்கே கறண்டு உண்டு. எப்படி இல்லாமல் போகும்? வேலிக்கு இந்தப்புறம் கேரளம், அந்தப்புறம் தமிழ்நாடு. இங்கே விழுந்த மரம் அங்கே எதையும் அணைக்காது.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவர் மனதிலும் ஒரே வயர்தான் ஓடியது.

“வேண்டாம்,” என்றாள் சுகிர்தபாய்.

“நான் ஒண்ணும் சொல்லல்லியே.”

“நீ நினைச்சே. நான் கண்டேன்.”

அந்த வயருக்கு ஒரு முறை இருந்தது. இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு பாதி. எந்த வீட்டில் கறண்டு போகிறதோ அந்த வீட்டார் தங்கள் பாதியை இழுத்துவந்து, வேலியில் நிற்கும் முருக்க மரத்தின் கவையில் தொங்கவிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அடுத்த வீட்டார் தங்கள் பாதியைக் கொண்டுவந்து இணைத்து, மழை படாமல் பிளாஸ்டிக் பையைக் கூடாகச் சுற்றிவிட்டுப் போவார்கள். கூப்பிடுவதும் கிடையாது, கேட்பதும் கிடையாது. ஒரு ராச்சியத்தில் இருட்டானால் அடுத்த ராச்சியத்தில் இருந்து வெளிச்சம் வரும். மினி பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வழக்கம். பெரியப்பா ஞானசிகாமணிக்கும் அவர் தம்பி, மினியின் அப்பா ராஜதாசுக்கும் பேச்சு நின்ற அன்று அதுவும் நின்றது.

பேச்சு நின்ற காரணம் இந்த அடுக்களை. எல்லை அளக்க வந்த சர்வேக்காரர்கள் பழைய எல்லைக்கல்லைக் காணாமல், சுற்றிலும் உள்ள பெரியவர்களிடம் விசாரித்தார்கள். ஞானசிகாமணி சபைக் கமிட்டியில் இருப்பவர், கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்கிறவர். கை நீட்டிக் காட்டினார். “கல்லு அங்ஙனயாக்கும். தம்பி அடுக்களை கெட்டும்போ அதுக்க மேல தளம் போட்டுட்டான்.” அதுவரை எல்லோருக்கும் வேலிதான் எல்லை; அன்றைக்கு வரைந்த கோட்டின்படி ராஜதாசின் முன்வாசல் கேரளத்தில், அடுக்களை தமிழ்நாட்டில். சாயாக்கடையில் ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கினார்கள்: “என்ன ராஜதாசு, தமிழ்நாட்டுல சோறு வச்சு கேரளத்துல கொண்டுவந்து தின்னுதியா?” “ராத்திரி தண்ணி குடிக்க எல்லை தாண்டணும் இல்லியா?” எல்லோரும் சிரித்தார்கள். ராஜதாஸ் மட்டும் வீட்டுக்கு வந்து, அடுக்களைப் பக்கச் சன்னலைச் சாத்தினார்.

இன்று அவர் நெய்யாற்றின்கரை தாலுக்கா ஆபீசுக்குப் போயிருந்தார். அந்தக் கோட்டைப் பற்றித்தான்.

“அப்பா வாறதுக்குள்ள முடிச்சிடுவேன்,” என்றாள் மினி.

“முடியாட்டா?”

“அம்மா, சார் வந்து வெறுங்கையோட போனா எனக்கு அந்த வேலை இல்ல.”

சுகிர்தபாய் அடுக்களைக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் இருந்து, மரக்கட்டையில் சுற்றியிருந்த வயரை எடுத்துவந்து மகளின் மடியில் வைத்தாள். “எனக்கு ஒண்ணும் அறியாது கேட்டியா. நான் மரச்சீனிக் கிழங்கு அவிச்சிட்டு இருக்கேன்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய், அடுப்பில் ஒன்றும் இல்லாத பானையைக் கிளறினாள்.

மினி வயரின் ஒரு முனையைச் சுவர்ப் பிளக்கில் செருகி, மறுமுனையை அடுக்களைச் சன்னல் வழியே வெளியே விட்டு, தூறலில் நனைந்துகொண்டே வேலி வரை இழுத்துப் போனாள். முருக்க மரத்தின் கவையில் தொங்கவிட்டாள். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும், அதுதான் முறை. வந்துவிட்டாள். ஆனால் சன்னலின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள்.

மிக்சி ஓடியது. நின்றது. ஓடியது.

வயரின் முனை மரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தப்புறம் யாரும் வரவில்லை. வாழைக்கூட்டத்தில் ஒரு கோழி மட்டும் நடந்தது. பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் இருக்கிறார்களோ? பெரியம்மை பார்த்தால் பெரியப்பாவிடம் கேட்பாள். பெரியப்பா என்ன சொல்வார்? ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் அவர் முன் வரிசையில் இருந்து திரும்பி மினியைப் பார்ப்பதும், அப்பா அந்தப் பக்கமே பார்க்காமல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவதும் அவள் கண்முன் வந்தன.

மிக்சி நின்றது. இம்முறை மறுபடி ஓடவில்லை.

வாழை இலைகள் விலகின. ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே யார் என்று தெரியவில்லை, இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. அவை முருக்க மரத்தில் எதையோ செய்தன, பிளாஸ்டிக் கூடு வெள்ளையாக மினுங்கியது, குடை திரும்பிப் போனது.

மினிக்குத் தலைக்கு மேலே பல்பு எரிந்தது.

“எரிஞ்சுதா?” அடுக்களையில் இருந்து சுகிர்தபாயின் குரல். “கர்த்தாவே! எரிஞ்சுது. மக்கா, இது தமிழ்நாட்டுக் கறண்டு இல்லியா? அடுக்களையில எரிஞ்சா செரி, அது அங்ஙன உள்ளதுன்னு சொல்லுதானுவ. முன்னால கம்ப்யூட்டர் கிடக்கிற முறியிலயும் அதுதானே எரியுது? அப்போ முழு வீடும் அங்ஙனயா? உனக்க அப்பா கேட்டா நான் என்ன சொல்ல?”

“அம்மா, பேசாம இருங்க. நம்ம கறண்டு போனா வீடு அவங்களுக்கது, அவங்க கறண்டு போனா அந்த வீடு நமக்கது. அம்புட்டுதான். முன்னே நாம இப்பிடித்தானே—”

மினி நிறுத்திக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டிருந்தது. அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வேறு யார் எல்லைநாட்டைக் கட்டியிருந்தாலும் இந்தத் தவறு வந்திருக்காது. ஆதித்யன் கட்டியிருந்தால் ஒவ்வொரு வீட்டையும் ஏதாவது ஒரு அரசனுக்குக் கொடுத்திருப்பான். மினிக்கு அப்படித் தோன்றவே இல்லை. கோட்டின் மேல் இருக்கும் வீடு இரண்டு பேருக்கும் சொந்தம் என்று, யோசிக்காமலே, வாசலை ஒரு அரசனுக்கும் அடுக்களையை அடுத்தவனுக்குமாக எழுதி வைத்திருந்தாள். அரசனின் முறை முடியவேண்டும் என்றால் அவனுடைய எல்லா வீடுகளும் வேலை முடிந்தது என்று சொல்லவேண்டும். கோட்டின் மேல் இருக்கும் வீடு சொல்லாது. அடுத்த அரசன் முடித்தால்தான் அது முடிக்கும். அடுத்தவனோ இவன் முடிக்கக் காத்திருக்கிறான். இரண்டு பேரும் மாறி மாறி, நீ முதலில், நீ முதலில் என்று, உலகம் உள்ளவரைக்கும்.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நொடிதான். இதைச் சரியாக்க எளிய வழி ஒன்று உண்டு. எல்லா வீட்டையும் கோட்டுக்கு இந்தப்புறமோ அந்தப்புறமோ தள்ளிவிடலாம். சர்வேக்காரர்கள் செய்ததைச் செய்யலாம். கால் மணி நேர வேலை.

அவள் விரல்கள் பொத்தான்களின் மேலேயே நின்றன.

பிறகு அவள் வேறொன்றை எழுதத் தொடங்கினாள். கோட்டின் மேல் இருக்கும் வீடு இந்த முறை இவனுக்கு. அவன் முறை வந்தால் அவனுக்கு. யார் முறை ஓடுகிறதோ அவனுடைய விளக்கு அந்த வீட்டில் எரியும். எழுதுவது நீண்டது. ஓரிடத்தில் சரியாக்கினால் வேறிடத்தில் அறுந்தது. மழை வலுத்தது, வலுக்கும்போதெல்லாம் மினி தலையை உயர்த்திப் பல்பைப் பார்த்தாள். சுகிர்தபாய் கொண்டுவந்து வைத்த சாயாவில் ஆடை படர்ந்தது. நெய்யாற்றின்கரையில் இருந்து வரும் பஸ் ஒன்று வளைவில் ஹார்ன் அடிக்கும்போதெல்லாம் அம்மா வாசலுக்கு ஓடினாள். “இதுல இல்ல,” என்று சொல்லிக்கொண்டு திரும்பினாள். அடுத்ததற்கும் ஓடினாள்.

கடைசியில் மினி இரண்டு அரசர்களையும் கம்ப்யூட்டரையே ஆட விட்டுவிட்டு, கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டாள்.

தெற்கு அரசன் நகர்ந்தான். மணற்கடிகாரம் வந்தது. ஒரு தடவை திரும்பியது.

போனது. வடக்கு அரசன் நகர்ந்தான்.

கோட்டின் மேல் இருந்த வீடுகள் மஞ்சளில் இருந்து பச்சைக்கு மாறின. மறுபடி மஞ்சள். மறுபடி பச்சை. படைகள் மரங்களுக்குள் நுழைந்து வெளியே வந்தன. ஒரு கோட்டை விழுந்தது. ஆட்டம் எங்கும் நிற்காமல் முடிவு வரைக்கும் ஓடி, வடக்கு அரசன் வென்றான் என்று அறிவித்தது.

மினி அழுகையும் சிரிப்புமாக “அம்மா!” என்று கூப்பிட்டாள்.

“மினீ!” என்று அம்மாவும் அதே நேரம் வாசலில் இருந்து கூப்பிட்டாள். “அப்பா வாறாரு!”

பிளாப்பியை உள்ளே தள்ளி, எழுதச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். அது கர்ர், கர்ர் என்று உறுமத் தொடங்கியது. பாதியில் கறண்டு நின்றால் பிளாப்பி கெட்டுப்போகும். வீட்டில் வேறு பிளாப்பியும் இல்லை. மினி வாசலுக்கு ஓடினாள்.

ராஜதாஸ் தொப்பலாக நனைந்து வந்தார். குடையை மடக்கிக் கையிலேயே வைத்திருந்தார், விரிக்க மறந்தவர் போல. மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ரோட்டில் கம்பி அறுந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு வருகிறவர், அவர்களின் தலைக்கு மேலே எரியும் பல்பைப் பார்த்தார்.

“அப்பா, நான் சொல்லுதேன்—”

அவர் வாசலோடு திரும்பினார். வீட்டைச் சுற்றிக்கொண்டு அடுக்களைப் பக்கம் போனார். சன்னலில் இருந்து புறப்பட்ட வயரைக் கண்ணால் தொடர்ந்து, அதன் கூடவே வேலி வரை நடந்தார்.

மினி உள்ளே பாய்ந்து அடுக்களைச் சன்னலைப் பிடித்தாள். ஒரு காதில் பிளாப்பியின் உறுமல், இன்னொரு காதில் மழை. அப்பா முருக்க மரத்தடியில் நின்று பிளாஸ்டிக் கூட்டை அவிழ்த்தார். இந்தப் பாதி ஒரு கையில், அந்தப் பாதி ஒரு கையில். இணைப்பு நடுவில்.

“மினிக்க அப்பா, பிள்ளைக்க வேலை கிடக்கு!” சுகிர்தபாய் முற்றத்தில் இருந்து அலறினாள்.

வாழை இலைகள் விலகின. அந்தக் குடை மறுபடியும் வந்தது. இப்போது முகமும் தெரிந்தது. ஞானசிகாமணி பெரியப்பா. அப்படியானால் முன்பு வயரை இணைத்த கைகள் பெரியம்மையுடையவை அல்ல.

“எலே ராசா,” என்றார் அவர். இத்தனை மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் வார்த்தை. “கை நனைஞ்சிருக்கு. கறண்டு அடிச்சிரும், விடு.”

ராஜதாஸ் விடவில்லை. பிடுங்கவும் இல்லை.

“திங்கக்கிழமை சர்வேக்காரனுவ திரும்பவும் வாறானுவ,” என்றார். குரல் சண்டைக்காரனுடையதாக இல்லை, களைத்திருந்தது. “புதுக் கல்லு நடப்போறானுவ. நட்டா நட்டதாக்கும். பின்னே யாரும் மாத்த முடியாதுன்னு ஆபீசுல சொல்லியாச்சு.”

“அறியும்.”

“நடும் முன்னே இன்னொருக்கா விசாரிப்பானுவ. அண்ணங்கிட்டத்தான் கேப்பானுவ.”

பெரியப்பா குடையை முன்னால் நீட்டினார். விரித்த குடை வேலிக்கு மேலே, தம்பியின் கைகளுக்கும் வயருக்கும் மேலே நின்றது. அவர் நனையத் தொடங்கினார்.

ரோட்டில் ஒரு கார் வந்து நின்றது. ஹார்ன் அடித்தது. “மினீ! வேலை தீர்ந்நோ?” என்று மோகனன் சாரின் குரல், மழைக்குள் சந்தோஷமாக. மினி திரும்பவில்லை. பிளாப்பி உறுமிக்கொண்டே இருந்தது. அவள் கண் அப்பாவின் கைகளை விட்டு நகரவில்லை.

“நான் அண்ணன்கிட்ட எதுவும் கேட்டது இல்ல,” ராஜதாஸ் சொன்னார். “நம்ம முறையில கேக்கிறதும் இல்லியே. வயரைத் தொங்கவிட்டா போதும். ஆனா இதை எங்க தொங்கவிட? கேக்கத்தான் செய்யணும். கல்லு எங்க கிடந்துதுன்னு ஓர்மை இல்லன்னு சொல்லணும், அப்போ கோடு வேலிக்கே திரும்பிரும். அந்த ஒற்றை வார்த்தை மட்டும் போதும். எனக்காக அதைச் சொல்லுவீங்களா, அண்ணா?”